கைனேஸ் தடுப்பான் ஒன்றே மருந்தாகவும் ஸ்கேனுக்கும் ஆகுமா?

முனைவர் பட்ட ஆய்வைத் தொடங்கியிருக்கும் ஒருவர் கேட்டிருந்த கேள்வி இது: "செல் வளர்ச்சியைத் தூண்டும் இஜிஎஃப்ஆர் கைனேஸைத் தடுக்கும் ஒரு குயினசோலின் மூலக்கூறை எங்கள் குழுவில் உருவாக்கியிருக்கிறோம். நொதிச் சோதனையில் 5 நானோமோலார் வருகிறது. இதிலேயே கதிரியக்க அணுவான ஃபுளோரின்-18 சேர்த்துவிட்டால் புற்றுநோய்க்கு மருந்தாகவும் ஆகும், கதிரியக்கப் பொருள் உடலில் எங்கே சேர்கிறது என்று காட்டும் பெட் ஸ்கேனில் கட்டியைக் காட்டவும் ஆகும் என்று பேசிக்கொள்கிறோம். நடக்குமா?"

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரும்பாலும் நடக்காது. ஆனால் அந்த மூலக்கூறில் கதிரியக்க அணுவைச் சேர்ப்பது வீண் வேலை என்று நினைக்க வேண்டாம். அது நீங்கள் கேட்கும் கேள்விக்குப் பதில் தராது, வேறொரு கேள்விக்கு, என் கணக்கில் அதைவிட முக்கியமான ஒரு கேள்விக்குப் பதில் தரும். அதற்கு வருவதற்கு முன் அந்த 5 நானோமோலாரை, அதாவது சோதனைக் குழாயில் நொதியைப் பாதியாகத் தடுக்கப் போதுமான அடர்த்தியை, கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும், ஏனென்றால் இந்தத் துறைக்கு வருகிற எல்லோரும் முதலில் ஏமாறுவது அந்த எண்ணில்தான்.

கைனேஸ் செய்யும் வேலை, செல்லின் ஆற்றல் மூலக்கூறான ஏடிபியிலிருந்து ஒரு பாஸ்பேட்டை எடுத்து இன்னொரு மூலக்கூறின் மேல் வைப்பது. மனித மரபணுத் தொகுதியில் 518 புரத கைனேஸ்கள் இருப்பதாக 2002இல் பட்டியல் போட்டார்கள். இவை எல்லாவற்றிலும் ஏடிபி உட்காரும் குழி ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கிறது. இன்று பயன்பாட்டில் உள்ள கைனேஸ் மருந்துகளில் பெரும்பாலானவை அந்தக் குழிக்காக ஏடிபியோடு போட்டி போடுகிறவை. அதனால் உங்கள் மூலக்கூறுக்கு ஒரே நேரத்தில் இரண்டு தொல்லைகள்: மற்ற 500 சொச்சம் கைனேஸ்களில் போய் உட்காராமல் இருக்க வேண்டும், செல்லுக்குள் குவிந்து கிடக்கும் ஏடிபியையும் ஜெயிக்க வேண்டும்.

இரண்டாவதைப் பற்றித்தான் யாரும் போதுமான அளவு யோசிப்பதில்லை. சோதனைக் குழாயில் ஏடிபியைச் சில மைக்ரோமோலார் அளவில்தான் வைப்போம், செல்லுக்குள் அது 1 முதல் 5 மில்லிமோலார் வரை இருக்கும். இஜிஎஃப்ஆரையே எடுத்துக்கொள்வோம். மரபணுத் திரிபு இல்லாத இயல்பான இஜிஎஃப்ஆருக்கு ஏடிபிக்கான மைக்கேலிஸ் மாறிலி (அது சிறியதாக இருந்தால் ஏடிபியின் பிடி இறுக்கம்) சுமார் 5 மைக்ரோமோலார். நுரையீரல் புற்றுநோயில் அடிக்கடி பார்க்கும் எல்858ஆர் திரிபில் அது சுமார் 150. அதோடு மருந்துக்கு எதிர்ப்பைத் தரும் டி790எம் திரிபும் சேர்ந்துவிட்டால் மறுபடி 8 பக்கம் இறங்கிவிடும். உங்கள் மூலக்கூறின் உண்மையான பிணைப்பு மாறிலி மூன்றுக்கும் 5 நானோமோலார்தான் என்றும் செல்லுக்குள் ஏடிபி 2 மில்லிமோலார் என்றும் வைத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். இயல்பான இஜிஎஃப்ஆரைப் பாதியாகத் தடுக்க சுமார் 2000 நானோமோலார் வேண்டும். எல்858ஆருக்கு 70 போதும். டி790எம் சேர்ந்ததும் திரும்ப 1250க்கு ஏறிவிடுகிறது. மூலக்கூறு மாறவில்லை, அது பிடிக்கும் பிடியும் மாறவில்லை. எதிரில் நிற்கும் ஏடிபியின் பிடி மட்டும்தான் மாறியிருக்கிறது.

உண்மையில் இஜிஎஃப்ஆரைத் தடுக்கும் ஜெஃபிடினிப் போன்ற மருந்து எல்858ஆரை இயல்பானதைவிட இறுக்கமாகவே பிடிக்கிறது, அதனால் வித்தியாசம் இன்னும் பெரிது. ஜெஃபிடினிப்புக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது 2003இல். சிலருக்கு மட்டும் கட்டி வியக்கும்படி சுருங்கியது, மற்றவர்களுக்கு ஒன்றுமே ஆகவில்லை. மருந்து கேட்டவர்களின் கட்டிகளில் இந்தத் திரிபுகள் இருந்தன என்பது 2004இல்தான் தெரியவந்தது. மருந்து முதலில் வந்தது, அது யாருக்கானது என்பது பிறகு தெரிந்தது. நான் படிக்கும் காலத்தில் இந்த வரலாறு எனக்கு ஒரு தகவல் மட்டும்தான். ஏடிபி கணக்கை உட்கார்ந்து கையால் போட்டுப் பார்த்த பிறகுதான் அதில் எவ்வளவு விஷயம் இருக்கிறது என்று புரிந்தது. ஒருமுறை நான் செய்த மூலக்கூறு நொதியில் ஒற்றை இலக்க நானோமோலார் காட்டியது, செல்லில் போட்டால் எதுவுமே நடக்கவில்லை. மூலக்கூறு செல்லுக்குள் நுழையவில்லை என்று நினைத்து மூன்று மாதம் செல்சவ்வைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். பிரச்சினை முழுக்க ஏடிபிதான்.

சரி, தடுப்பானை நல்ல மருந்தாக எப்படிச் செதுக்குகிறார்கள்? ரத்தப் புற்றுநோய் மருந்தான இமாடினிப்பின் கதையைவிட நல்ல பாடம் இல்லை. அது தொடங்கியது ஃபீனைல்அமினோபிரிமிடின் என்ற சாதாரணச் சட்டகத்தில், அதுவும் புரத கைனேஸ் சி என்ற முற்றிலும் வேறொரு இலக்குக்காக. பிரிமிடின் வளையத்தில் ஒரு பிரிடைலைச் சேர்த்தார்கள், செல்லில் வேலை செய்யும் திறன் கூடியது. ஃபீனைல் வளையத்தில் பென்சமைடு சேர்த்தார்கள், டைரோசின் கைனேஸ்களையும் பிடிக்க ஆரம்பித்தது. அப்புறம் அதே வளையத்தில் ஒரே ஒரு மெத்தில். அந்த மெத்தில் மூலக்கூறைத் திருகி நிற்க வைத்தது, புரத கைனேஸ் சி-யைத் தடுக்கும் குணம் போயே போய்விட்டது, ஏபிஎல் போன்ற சில டைரோசின் கைனேஸ்களைப் பிடிக்கும் குணம் மட்டும் தங்கியது. கடைசியாக நீரில் கரைவதற்காக மெத்தில்பிப்பெரசினை மாட்டினார்கள். அதையும் வளையத்தில் நேராக மாட்டாமல் நடுவில் ஒரு கார்பன் விட்டு மாட்டினார்கள், இல்லாவிட்டால் உடைந்து அனிலின் வகைப் பொருள் உண்டாகி மரபணுவைச் சிதைக்கும் ஆபத்து இருந்தது. நான்கு மாற்றங்களில் ஒவ்வொன்றுக்கும் தனிக் காரணம். மருந்து வேதியியலின் முழுத் திறமையும் இந்த ஒரு மூலக்கூறில் தெரியும்.

1998இல் மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். நாள்பட்ட மைலாய்டு ரத்தப் புற்றுநோயில் வழக்கமான சிகிச்சை பலிக்காமல் வந்தவர்களில், 300 மில்லிகிராமோ அதற்கு மேலோ எடுத்த 54 பேரில் 53 பேருக்கு ரத்த எண்ணிக்கை முழுவதும் சரியானது. 2001 மே மாதம் அமெரிக்காவில் அனுமதி. இந்த நோயில் பிசிஆர்-ஏபிஎல் என்ற ஒரே ஒரு கைனேஸ்தான் நோயை ஓட்டுகிறது என்பது 1960இல் கண்டுபிடித்த பிலடெல்பியா குரோமோசோமிலிருந்து படிப்படியாகத் தெளிவாகியிருந்தது. மற்ற புற்றுநோய்கள் இவ்வளவு நேர்மையாக ஒரே கைனேஸை நம்பி இருப்பதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இமாடினிப் போல எல்லாம் நடக்கும் என்று எதிர்பார்த்து எத்தனையோ நல்ல மூலக்கூறுகள் பாதியில் நின்றிருக்கின்றன.

எதிர்ப்பு வருவதும் இதே ஏடிபி குழியில்தான். இமாடினிப்புக்கு டி315ஐ திரிபு. குழியின் வாசலில் நிற்கும் திரியோனின், ஐசோலியூசினாக மாறினால் ஒரு ஹைட்ரஜன் பிணைப்பும் போகும், இடமும் அடைபடும். பொனாடினிப் என்ற அடுத்த மருந்தைச் செய்தவர்கள் அங்கே ஒரு கார்பன் மூவிணைப்பை வைத்தார்கள், நேராகவும் ஒல்லியாகவும் இருப்பதால் அந்த ஐசோலியூசினை இடிக்காமல் தாண்டிப் போய்விடுகிறது. அசிமினிப் இன்னொரு வழியில் போனது, ஏடிபி குழியையே விட்டுவிட்டு ஏபிஎல்லின் வேறொரு பக்கத்தில் மிரிஸ்டாயில் உட்காரும் குழியில் போய் உட்காருகிறது. இஜிஎஃப்ஆரில் டி790எம் வந்தபோது ஓசிமெர்டினிப் என்ற மருந்து ஏடிபியோடு போட்டி போடுவதையே அர்த்தமில்லாமல் ஆக்கியது, 797ஆவது இடத்தில் இருக்கும் சிஸ்டீனோடு நிரந்தரப் பிணைப்புப் போட்டு உட்கார்ந்துவிடுகிறது. ஒருமுறை உட்கார்ந்தபின் எவ்வளவு ஏடிபி வந்தாலும் நகர்த்த முடியாது. பிறகு அந்தச் சிஸ்டீனே செரினாக மாறி சி797எஸ் என்ற எதிர்ப்பு வந்தது, அது தனிக் கதை.

பக்கவிளைவுகளை நான் இங்கே விரித்துப் பேசப்போவதில்லை. ஒன்றே ஒன்று மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் தடுப்பான் என்றால் தடுக்கும் என்று மட்டும் நினைப்பவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். வெமுராஃபெனிப் வி600இ திரிபுள்ள பி-ராஃப் கைனேஸைத் தடுக்கிறது. ஆனால் அந்தத் திரிபு இல்லாத செல்களில், முக்கியமாக ராஃபை இயக்கும் ராஸ் புரதம் தூண்டப்பட்டிருக்கும் செல்களில், ஒரு ராஃபில் மருந்து உட்கார்ந்ததும் அதன் ஜோடி ராஃப் முடுக்கிவிடப்படுகிறது. மெலனோமாவுக்கு மருந்து சாப்பிட்டவர்களுக்குத் தோலில் வேறொரு வகைப் புற்றுநோய் முளைத்தது இதனால்தான். ராஃபுக்கு அடுத்துச் செயல்படும் எம்இகே கைனேஸின் தடுப்பான் ஒன்றைச் சேர்த்துக் கொடுத்ததும் அது குறைந்தது.

இப்போது ஸ்கேனுக்கு வருகிறேன்.

இன்று புற்றுநோய்க்கு மிக அதிகமாகப் பயன்படும் பெட் பொருள் எஃப்டிஜி, ஃபுளோரின்-18 ஏற்றிய குளுக்கோஸ். அது வேலை செய்வதே ஒரு கைனேஸை நம்பித்தான்: ஹெக்சோகைனேஸ் அதன் மேல் பாஸ்பேட்டை வைக்கிறது, பாஸ்பேட் ஏறியதும் செல்லை விட்டு வெளியே வர முடியாமல் உள்ளேயே சிக்கிக்கொள்கிறது. கவனியுங்கள், ஒரு ஹெக்சோகைனேஸ் மூலக்கூறு ஆயிரக்கணக்கான எஃப்டிஜி மூலக்கூறுகளை ஒன்றன்பின் ஒன்றாகச் சிக்க வைக்கும். அங்கே சிக்னல் தானாகப் பெருகுகிறது. உங்கள் தடுப்பானோ ஒரு இஜிஎஃப்ஆருக்கு ஒன்று என்ற கணக்கில்தான் உட்கார முடியும். பெருக்கமே கிடையாது. எஃப்டிஜி படத்தைப் பார்த்துப் பழகிய கண்ணோடு தடுப்பான் படத்தைப் பார்த்தால் ஏமாற்றமாக இருப்பதற்கு முதல் காரணம் இது.

அந்த ஒன்றுக்கு ஒன்று கணக்கில் எவ்வளவு தேறும்? ஒரு கிராம் கட்டியில் 100 கோடி செல்கள் என்றும் ஒரு செல்லில் ஒரு லட்சம் இஜிஎஃப்ஆர் என்றும் வைத்துக்கொண்டால், இலக்கின் அடர்த்தி சுமார் 160 நானோமோலார் வருகிறது. இமேஜிங் செய்பவர்கள் பார்க்கும் முதல் எண், இந்த அடர்த்தியை மூலக்கூறின் பிணைப்பு மாறிலியால் வகுத்தது. அது 10க்கு மேல் இருந்தால்தான் நம்பிக்கை வரும். 160ஐ 5ஆல் வகுத்தால் 32, பிரமாதம் என்று தோன்றும். ஆனால் செல்லுக்குள் ஏடிபி இருக்கிறதே. எல்858ஆருக்கு நாம் போட்ட 70ஆல் வகுத்தால் 2தான். இயல்பான இஜிஎஃப்ஆருக்கு 2000ஆல் வகுத்தால் 0.1கூட இல்லை. மரபணு பெருகி ஒரு செல்லில் 10 லட்சம் இஜிஎஃப்ஆர் இருக்கும் எல்858ஆர் கட்டியில் 20ஐத் தாண்டும். ஆக, உங்கள் மூலக்கூறால் 'இஜிஎஃப்ஆர் இருக்கிறதா' என்ற கேள்விக்கு விடை தர முடியாது. அதிகபட்சம், 'மருந்து கேட்கும் திரிபு இருக்கிறதா' என்ற கேள்விக்கு ஓரளவு விடை தரலாம். இஜிஎஃப்ஆரைத் தடுக்கும் இன்னொரு மருந்தான எர்லோடினிப்பில் கார்பன்-11 ஏற்றி நுரையீரல் புற்றுநோயாளிகளில் சோதித்தபோது, மருந்து கேட்கும் இன்னொரு திரிபான, இஜிஎஃப்ஆர் மரபணுவின் 19ஆவது எக்ஸான் என்ற பகுதியில் நீக்கம் உள்ள கட்டிகளில்தான் அது கூடுதலாகச் சேர்ந்தது. இது கணக்கோடு அழகாகப் பொருந்துகிறது. செல்லின் பரப்பில் இஜிஎஃப்ஆர் எவ்வளவு என்று மட்டும் தெரிய வேண்டுமானால் ஏடிபி தொந்தரவே இல்லாத வெளிப்பக்கத்தைப் பிடிக்கும் ஆன்டிபாடியிடம் போவதுதான் புத்திசாலித்தனம்.

அடுத்தது, நல்ல மருந்துக்குரிய குணமும் நல்ல ஸ்கேன் பொருளுக்குரிய குணமும் எதிரும் புதிருமாக இருக்கின்றன. மாத்திரையாகக் கொடுக்கும் கைனேஸ் தடுப்பான்கள் பொதுவாகக் கொழுப்பில் கரையும் தன்மை உள்ளவை, திசுக்களில் பரவலாக ஒட்டிக்கொள்கின்றன, ஒரு வேளை மாத்திரை ஒரு நாள் தாங்கும்படி ரத்தத்தில் நெடுநேரம் இருக்கின்றன. மருந்துக்கு இது வரம். ஸ்கேனுக்கு இதுவே சாபம். கட்டியைச் சுற்றியுள்ள திசுவிலும் ரத்தத்திலும் அது இருந்துகொண்டே இருந்தால் கட்டி தனித்துத் தெரியாது. அதற்கு மேல், பெரும்பகுதி கல்லீரல் வழியாகப் பித்தத்தில் போவதால் வயிறு முழுக்க ஒளிர்ந்துகொண்டிருக்கும், கல்லீரலுக்குப் பரவிய கட்டியைத் தேடவே முடியாது. கார்பன்-11இன் அரை ஆயுள் 20 நிமிடம், ஃபுளோரின்-18இன் அரை ஆயுள் 110 நிமிடம். பின்னணி அடங்கும் வரை பொறுத்திருக்கலாம் என்றால் கதிரியக்கம் பொறுக்காது.

நிரந்தரமாகப் பிணையும் தடுப்பான் என்றால் சரியாகிவிடுமா என்று கேட்பீர்கள், நானும் கேட்டிருக்கிறேன். கழன்று வராது, ஏடிபியும் நகர்த்தாது, உண்மைதான். ஆனால் பிணைப்பு மெதுவாக நடந்தால் அதற்குள் கதிரியக்கம் தேய்ந்துவிடும். மிக வேகமாக நடந்தாலோ, கட்டிக்குள் வந்து சேருவதெல்லாம் சிக்கிக்கொள்ளும், அப்போது படம் காட்டுவது இலக்கின் அளவை அல்ல, அங்கே ரத்தம் எவ்வளவு ஓடுகிறது என்பதை. பார்ப்பதற்கு அழகான படமாக இருக்கும், அதனாலேயே ஆபத்தானது.

எந்த அணுவில் கதிரியக்கத்தை ஏற்றுகிறீர்கள் என்பது இன்னொரு பெரிய விஷயம். வேதியியலாளருக்கு எது சுலபமோ அங்கே ஏற்றுவது வழக்கம். இமாடினிப்பில் சுலபமான இடம் பிப்பெரசினின் மெத்தில், கார்பன்-11 மெத்தில் அயோடைடு போட்டால் முடிந்தது. ஆனால் கல்லீரல் இமாடினிப்பில் முதலில் கழற்றுவதும் அதே மெத்திலைத்தான், மெத்தில் போன மூலக்கூறுதான் அதன் முக்கிய வளர்சிதைப் பொருள், அதுவும் கைனேஸைத் தடுக்கக்கூடியது. அப்படிக் கழன்றபின் மருந்து கட்டிக்குள் இருக்கும், கதிரியக்கம் சின்னக் கார்பன் துண்டாக வேறெங்கோ சுற்றிக்கொண்டிருக்கும். ஸ்கேனருக்கு இந்த வித்தியாசம் தெரியாது. எனவே ரத்தத்தை எடுத்து, எந்த நேரத்தில் எத்தனை சதவீதம் முழு மூலக்கூறாக இருக்கிறது என்று பிரித்துப் பார்க்காத பெட் முடிவை நான் நம்பமாட்டேன். உங்கள் குயினசோலினில் ஜெஃபிடினிப், அஃபாடினிப் போல குளோரோஃபுளோரோ அனிலின் பகுதி இருந்தால் ஃபுளோரின் ஏற்கெனவே இருக்கிறது, அதையே ஃபுளோரின்-18 ஆக்கினால் மூலக்கூறு ஒரு துளிகூட மாறாது. அஃபாடினிப்பில் அப்படிச் செய்திருக்கிறார்கள். எலக்ட்ரான் நிறைந்த வளையம் என்பதால் நேரடியாக ஏறாது, கஷ்டப்பட வேண்டியிருக்கும். ஆனாலும் அந்தக் கஷ்டம் படத் தகுந்தது. வசதிக்காக ஒரு ஃபுளோரோஎத்தில் வாலைச் சேர்த்தால் அது வேறு மூலக்கூறு, எல்லாச் சோதனையையும் முதலிலிருந்து செய்ய வேண்டும்.

அப்படியானால் இதெல்லாம் எதற்கு? நான் ஆரம்பத்தில் சொன்ன அந்த வேறு கேள்விக்காக: மருந்து போக வேண்டிய இடத்துக்குப் போகிறதா?

மூளைக்குப் பரவிய கட்டிகளில் இது உயிர்போகும் கேள்வி. ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவிலுள்ள சுவரில் மருந்தை வெளியே தள்ளும் பம்புகள் உட்கார்ந்திருக்கின்றன, கைனேஸ் தடுப்பான்களில் பலவற்றை அவை வந்த வழியே அனுப்பிவிடும். இமாடினிப் மூளைக்குள் மிகக் குறைவாகத்தான் போகிறது. நுரையீரல் புற்றுநோய் மருந்தான லோர்லாடினிப்பை வளைய வடிவத்தில் சின்னதாகச் செய்ததன் நோக்கங்களில் ஒன்றே அந்தப் பம்புகளிடமிருந்து தப்ப வைப்பது. அதைக் கார்பன்-11, ஃபுளோரின்-18 இரண்டையும் வைத்துத் தயாரித்து விலங்குகளில் மூளைக்குள் போவதைப் பெட்டில் பார்த்தார்கள். ஓசிமெர்டினிப்பையும் கார்பன்-11 ஏற்றி, குரங்குகளிலும் பிறகு மூளைக்கட்டி உள்ள நோயாளிகளிலும் அது உள்ளே நுழைவதைக் காட்டினார்கள். ரத்தத்தில் எவ்வளவு மருந்து இருக்கிறது என்று எத்தனை முறை அளந்தாலும் இந்த விடை கிடைக்காது. உயிரோடிருக்கும் மனிதரின் மூளையிலிருந்து துண்டு எடுத்துப் பார்க்கவும் முடியாது. இங்கே பின்னணி இரைச்சல்கூடப் பிரச்சினை இல்லை, ஏனென்றால் இங்கே நமக்கு வேண்டியது மருந்து எங்கே எவ்வளவு என்ற எண் மட்டும்தான். ஒரே எச்சரிக்கை: ஸ்கேனுக்குப் போடுவது மைக்ரோகிராம் கணக்கு, ஓசிமெர்டினிப் மாத்திரை 80 மில்லிகிராம். நுண்ணளவில் பம்பு முழுவேகத்தில் வெளியே தள்ளும், முழு டோஸில் அதே பம்பு திணறலாம். அதனால் முடிந்தால் மருந்து சாப்பிடும் நாட்களிலும் ஒரு ஸ்கேன் எடுப்பது நல்லது.

மருந்து வேலை செய்கிறதா என்று பார்க்கப் பல நேரம் தடுப்பானை ஒளிரவைக்க வேண்டிய அவசியமே இல்லை. ஜிஸ்ட் என்ற இரைப்பை-குடல் கட்டியில் கிட் கைனேஸைத் தடுக்க இமாடினிப் பயன்படுகிறது. பின்லாந்தில் 2000இல் முதல் நோயாளிக்குக் கொடுத்தபோது ஒரு மாதத்தில் எஃப்டிஜி படத்தில் கட்டியின் ஒளிர்வே காணவில்லை. இந்த நோயில் சிடி ஸ்கேனில் கட்டியின் அளவு பல மாதம் அப்படியே இருக்கும், அளவை மட்டும் நம்பினால் வேலை செய்யும் மருந்தை நிறுத்திவிடும் அபாயம் உண்டு.

உங்கள் மூலக்கூறுக்கு நான் என்ன செய்வேன் என்றால், கதிரியக்கத்தைத் தொடுவதற்கு முன் சாதாரண ஃபுளோரின் உள்ள மூலக்கூறை எல்858ஆர் உள்ள செல்லிலும் இயல்பான செல்லிலும் போட்டு, இஜிஎஃப்ஆரின் மேல் பாஸ்பேட் எந்த அளவில் பாதியாகக் குறைகிறது என்று பார்ப்பேன். அந்த எண்ணை வைத்து மேலே போட்ட வகுத்தலை மறுபடி போடுவேன். 10க்குக் கீழே வந்தால் 'கட்டியைக் காட்டும் பொருள்' என்ற வார்த்தையை ஆய்வுத் திட்டத்திலிருந்து எடுத்துவிட்டு, 'மூளைக்குள் போகிறதா' என்று எழுதுவேன். எண் நன்றாக வந்து ஃபுளோரின்-18 வரை போனால், ஒரே எலியின் ஒரு பக்கம் திரிபுள்ள கட்டி, மறுபக்கம் திரிபில்லாத கட்டி, பிறகு கதிரியக்கமில்லாத மூலக்கூறை நிறையக் கொடுத்துவிட்டு மறுபடி ஒரு ஸ்கேன். அப்படிக் கொடுத்தபின் திரிபுள்ள பக்கத்தில் ஒளிர்வு இறங்க வேண்டும், திரிபில்லாத பக்கத்தில் பெரிதாக மாறக் கூடாது. இரண்டும் ஒன்றாக இறங்கினாலோ இரண்டுமே இறங்காவிட்டாலோ, படத்தில் தெரிந்தது இஜிஎஃப்ஆர் இல்லை.